ஓர் அங்குலக் கையேடு

அடுத்த வீட்டுக்கு வந்த பார்சலைக் குலுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் நாலாம் லயத்தில் அதைத் தவிர்க்கவும் முடியாது. நாற்பத்திரண்டு வீட்டுப் பார்சலும் ஒரே பெயருக்கு, ஒரே வீட்டுக்குத்தான் வரும். அது கேத்லீன் வீடு. அந்த வீடு என் வீட்டுக்கு நேர் எதிர். எனக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும். இதில் என் தப்பு எதுவும் இல்லை.

லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. கூரியர் வேன் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறாது. கேட்டில் இருக்கும் காவல் கொட்டகையோடு திரும்பிவிடும். பார்சலில் ‘கேத்லீன்’ என்று எழுதியிருந்தால் காவல்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார். வேறு பெயராக இருந்தால், அந்த ஆளே எதிரில் நின்றாலும், “அப்படி யாரும் இங்க இல்ல” என்று அனுப்பிவிடுவார். தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்க்கும் கேத்லீனுக்குத்தான் கைப்பேசியிலேயே பேங்கை நடத்தத் தெரியும். ஆகவே யாருக்கு எது வேண்டுமானாலும் அவளிடம் படத்தைக் காட்டி, காசைக் கையில் கொடுத்துவிடுவோம். லயத்து மணியம்மாவின் முழங்கால் வலிக்கான முட்டிப் பட்டை முதல் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஹரிதாஸின் தலைமுடிச் சாயம் வரைக்கும் அப்படித்தான் வந்தது. சாயம் யாருடையது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெளிநாட்டிலிருந்து ஐந்நூறு வெள்ளி விலைக்குள் வரும் பொருளுக்கு முன்பெல்லாம் வரி இல்லை. அது சட்டத்தில் இருந்த ஓட்டையாம். நாங்கள் அதை மலிவு விலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு பத்து விழுக்காடு வரி வந்தது, ஓட்டை அடைபட்டது. இருபது வெள்ளிக் கைவிளக்கு இருபத்திரண்டு ஆனது. அடைத்த ஓட்டை அடைத்தபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஓர் அலுவலகத்தைத் திறந்தார்கள்.

அதன் பெயர் சிறுவணிகச் சமதள அலுவலகம். உள்ளூர்க் கடைக்காரரும் வெளிநாட்டு வியாபாரியும் சமமான தரையில் நின்று போட்டி போட வேண்டும் என்பது அதன் கொள்கை. கேமரன் மலையில் சமமான தரையைத் தேடி ஓர் அலுவலகம் வந்திருக்கிறது என்றதும், பந்து விளையாட இடம் இல்லாத எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது உண்மை. அலுவலகமே சரிவில்தான் இருந்தது. ரோட்டுப் பக்கம் பார்த்தால் முதல் மாடி. பின்பக்கம் பார்த்தால் முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு ஓர் அடி கீழே.

அதன் அதிகாரி திருமாறன் எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கே வந்து விளக்கக் கூட்டம் போட்டார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். மைக் வேலை செய்கிறதா என்று அவர் தட்டிப் பார்த்ததற்கே முன்வரிசையில் இருந்த கிராணி கை தட்டினார்.

“நம்ம உள்ளூர் வணிகர் ஒரு பொருளை ஐம்பது வெள்ளிக்கு விற்கிறார். அதே பொருளை வெளிநாட்டான் முப்பது வெள்ளிக்கு விற்றான். இது அநியாயம்! இப்போது எங்கள் நடவடிக்கையால் அவனும் முப்பத்து மூன்றுக்கு விற்கிறான். நியாயம் மூன்று வெள்ளி அளவுக்கு வந்துவிட்டது!”

மணியம்மா கையைத் தூக்கினாள். “மீதி நியாயம் எப்ப சார் வரும்?”

“நல்ல கேள்வி. உள்ளூர் வணிகரும் ஐம்பதை ஐம்பத்தைந்தாக உயர்த்தியிருப்பதாக எங்கள் ஆய்வு சொல்கிறது. ஆகவே உயர்வு என்பது இரண்டு பக்கமும் சமமாக நடந்துகொண்டிருக்கிறது.”

கேள்வி கேட்டதற்குப் பரிசாக மணியம்மாவுக்குச் ‘சமதளக் கையேடு’ என்ற புத்தகத்தைக் கொடுத்தார். சரியாக ஓர் அங்குலக் கனம். அதில் பொருளடக்கமே எண்பது பக்கம். மணியம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்கு மூடியாக வைத்தாள். எலித் தொல்லை அன்றோடு ஒழிந்தது. கையேட்டால் எங்கள் லயத்துக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

உள்ளூர் வணிகர் என்று அதிகாரி சொன்னது கம்போங் ராஜாவில் கடை வைத்திருக்கும் கிரகரியைத்தான். நான் குடை வாங்கப் போனேன். பன்னிரண்டு வெள்ளிக் குடை பதினைந்து ஆகியிருந்தது.

“ஏன் கிரகரி, இது போன வருசம் நீ தொங்கவிட்ட அதே குடைதானே? தூசி கூட அப்படியே இருக்கு.”

“ஆன்லைன்ல ஏறிடுச்சுலா அக்கா. நான் மட்டும் பழைய விலைக்கு வித்தா என்னை யாரு மதிப்பா?”

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. கதை கேத்லீன் புருசன் மார்கஸின் காலில் இருக்கிறது.

மார்கஸ் கொழுந்து வெட்டும் யந்திரக்காரன். செடி வரிசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று தூக்கிக்கொண்டு நடக்கும் யந்திரம் அது. போன வருசம் ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி, யந்திரத்தோடு இரண்டு வரிசை கீழே போய் விழுந்தான். இடது தொடை எலும்பு முறிந்தது. கூடியபோது அந்தக் கால் ஓர் அங்குலம் குட்டையாகக் கூடியது. தோட்டத்து நிர்வாகம் அவனுக்கு ஒரு தேதி கொடுத்தது: அன்றைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் முன்னால் இருபது அடி எடுத்து வைத்துச் சாயாமல் நடந்து காட்ட வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே போல. நடந்தால் வேலை உண்டு. நடக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வேலை போனால் லயத்து வீடும் அறுபது நாளில் போய்விடும்.

அந்தக் காலின் குறையை ஈடுகட்டும் சப்பாத்து ஒரு ஜோடி ஈப்போவில் செய்யக் கேட்டால் தொள்ளாயிரம் வெள்ளி. கேத்லீன் ஆன்லைனில் தேடி ஒரு சீனக் கடையில் பிடித்தாள்: இடது கால் அடி மட்டும் ஓர் அங்குலம் உயரமாக வைத்துத் தைத்த ஜோடி. நூற்றெண்பத்தாறு வெள்ளி. வரியோடு சேர்த்து இருநூற்று நாலு சொச்சம். கட்டினாள். பார்சல் கப்பலேறியது, இறங்கியது, நின்றுவிட்டது. ‘வகைப்படுத்தலுக்காக நிறுத்திவைப்பு. திரிங்காப் அலுவலகத்தை அணுகவும்’ என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. சோதனைக்குப் பதினோரு நாள் இருந்தது.

கேத்லீனுக்குத் துணையாக நானும் போனேன். என்னை அவள் கூப்பிடவில்லைதான். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

திருமாறன் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். “நீங்கதான் கேத்லீன் இறக்குமதி நிறுவனமா?”

“நான் வெறும் கேத்லீன் சார்.”

“போன வருசம் உங்க பேருக்கு முந்நூத்துப் பதினேழு பார்சல். ஒண்ணுகூட ஐந்நூறு வெள்ளியைத் தாண்டல. பெரிய சரக்கைத் துண்டு துண்டா ஒடைச்சு ஓட்டை வழியா விட்டிருக்கீங்க.”

“ஓட்டையைத்தான் நீங்க அடைச்சிட்டீங்களே” என்றேன் நான்.

“அதனாலதான் சந்தேகம். அடைச்ச பிறகும் இவங்க நிறுத்தல.”

“வரி கட்டித்தான் சார் வாங்குறோம்” என்றாள் கேத்லீன். “காசு போடும்போதே அதையும் சேர்த்து எடுத்துக்கிறாங்க.”

“சந்தேகம் வராம இருக்கணும்னா மொதல்ல வரியைத்தான் கட்டுவாங்க. எங்க பயிற்சியில இது ரெண்டாவது பாடம் புவான்.” மலாயில் மரியாதையாக ‘அம்மா’ போட்டுவிட்டு, அவர் ஒரு நீளமான பட்டியலை விரித்தார். “பெண்கள் உள்ளாடை, எழுபத்தொண்ணு. பதினோரு அளவு. ஒரே ஆள் ஒரே வருசத்துல பதினோரு அளவா இருக்க முடியுமா?”

“ஐயோ சார், எல்லாம் லைன் ஆளுங்களுக்கு. எங்களுக்கு விலாசம் கிடையாது. என் பேரைப் போட்டாத்தான் கேட்டுல வாங்குவாங்க.”

“ஆக, விநியோகம்.” எழுதிக்கொண்டார். “லாபம் எத்தனை விழுக்காடு?”

“லாபமே இல்ல சார். என்ன விலையோ அதேதான் வாங்கிக்கிறேன்.”

பேனா நின்றது. அவர் முகத்தில் முதல்முறையாக மரியாதை கலந்த ஒரு பயம் தெரிந்தது. “லாபமே இல்லாம விக்கறீங்களா?”

“விக்கல சார், வாங்கிக் குடுக்கறேன்...”

“சந்தையை அழிக்கற விலைக்குறைப்பு. பெரிய பெரிய நாடுங்கதான் இப்படிச் செய்யும்னு படிச்சிருக்கேன். ஒரு லைன் வீட்டுலருந்து செய்வாங்கன்னு எதிர்பார்க்கல.”

கேத்லீன் அழவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “சார், மத்தது எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க. அந்தச் சப்பாத்தை மட்டும் குடுத்துடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் நடந்து காட்டணும். இல்லன்னா வேலையும் போகும், வீடும் போகும்.”

“நடக்கறது எங்க பிரிவு இல்ல புவான். நாங்க பொருள் மட்டும்தான்.”

இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஆய்வுக்கு வந்தார்கள். பார்சல் போன வீடெல்லாம் விற்பனைக் கிளை என்று அவர்களுடைய தாளில் இருந்தது. ஆகவே நாற்பத்திரண்டு கதவிலும் மஞ்சள் தாள் ஒட்டினார்கள். மணியம்மா வீடு ‘கிளை எண் 7’. என் வீடு ‘கிளை எண் 1, தலைமையகத்துக்கு எதிரில்’. அந்தத் தாளை நான் இன்னும் கிழிக்கவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மணியம்மாவைக் கேட்டார்கள்: “இந்தக் கிளையில சரக்கு இருப்பு எவ்வளவு?”

“முட்டிப் பட்டை ரெண்டு. ரெண்டையும் நான் போட்டிருக்கேன்.”

“காட்சிக்கு வச்சிருக்கீங்களா?”

“பாவாடையைத் தூக்கிக் காட்டணுமா தம்பி?”

அவர்கள் ‘இருப்பு மறைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கிளைக்குப் போனார்கள்.

மார்கஸ் வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் சாயங்காலம் வாசலில் இருபது அடிக்குக் கோடு கிழித்து நடந்து பழகுவான். ஒவ்வொரு இடது அடிக்கும் தோள் இறங்கும். அதை மறைக்க உதட்டைக் கடித்துக்கொள்வான், உதடு தோளைத் தூக்கிவிடும் என்கிற மாதிரி. நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். சில விசயத்தை நானும் பார்ப்பதில்லை.

விசாரணையைச் செவ்வாய்க்கிழமை வைத்தார்கள். சோதனைக்கு இன்னும் மூன்று நாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு சடங்கு உண்டு. விசாரணை தொடங்கும் முன்பு மேசை மேல் ரசமட்டத்தை வைப்பார்கள், கொத்தனார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பாரே, அதே. உள்ளே இருக்கும் நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை யாரும் பேசக்கூடாது. சமதளத்தின் சின்னமாம் அது. கட்டடமே சரிவில் சாய்ந்திருந்ததால் குமிழி ஒரு பக்கமாகவே ஒதுங்கி நின்றது. பியூன் மேசையின் இடது கால்களுக்கு அடியில் அட்டை வைத்தார், பலகை வைத்தார். இருபது நிமிடம் ஆனது. கடைசியில் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு இடது காலுக்கும் ஒரு சமதளக் கையேட்டைக் கொடுத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கேத்லீன் மட்டும் குமிழியைப் பார்க்கவில்லை. குனிந்து மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரசமட்டத்தின் அடியில் ‘சீனத் தயாரிப்பு’ என்று ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் லயத்துக்குத் தெரியும்.

பாதிக்கப்பட்ட உள்ளூர் வணிகராகக் கிரகரியை வரவழைத்திருந்தார்கள். புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். அலுவலகமே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைச் சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரல் வைத்துப் படித்தார். “கேத்லீன் நிறுவனத்தின் கட்டுக்கடங்காத இறக்குமதியால் என் வியாபாரம் முப்பது விழுக்காடு சரிந்து நான் மிகுந்த மனவேதனை அடைந்துள்ளேன்.” படித்துவிட்டு அவளைப் பார்த்தார். “கோவிச்சுக்காதம்மா. எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்.”

“இந்தச் சப்பாத்தை உள்ளூர் வணிகரே கொடுக்க முடியும் என்றால் இறக்குமதிக்குத் தேவை இல்லை” என்றார் திருமாறன். “கொடுக்க முடியுமா?”

கிரகரி நெஞ்சை நிமிர்த்தினார். “தாராளமா முடியும் சார். விலை முந்நூத்து நாப்பது.”

“பார்த்தீர்களா! பாதுகாப்புக் கொடுத்தால் உள்ளூர் வணிகம் எப்படித் தலைநிமிர்கிறது! எத்தனை நாளில்?”

“அது...” கிரகரி கேத்லீன் பக்கம் சாய்ந்தார். மெதுவாகத்தான் கேட்டார், அந்த அறையில் மின்விசிறி இல்லை என்பதால் எல்லாருக்கும் கேட்டது. “இன்னொரு ஜோடி ஆர்டர் போட்டா எத்தனை நாள்ல வரும்மா? உன் பேர்லயே போடு, நான் காசு தர்றேன்.”

திருமாறன் கோப்பைப் புரட்டினார். முந்நூற்றுப் பதினேழில் தொண்ணூற்று நாலு பார்சலுக்கு நேராகக் கேள்விக்குறி இருந்தது. குடை, சாவிக்கொத்து, ஹேர்கிளிப் டஜன் டஜனாக.

“இதெல்லாம் யாருக்கு?”

“கிரகரி அண்ணனுக்கு” என்றாள் கேத்லீன். “கடைக்கு.”

“கம்போங் ராஜாவுல என் பேருக்குப் பார்சல் வந்தா எல்லாருக்கும் வாங்குன விலை தெரிஞ்சிடும் சார்” என்றார் கிரகரி. “அப்புறம் நான் எப்படி விக்கறது?”

குமிழிகூடக் கொஞ்சம் நகர்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. திருமாறன் பேனாவை மூடித் திறந்து, தொண்டையைச் செருமினார்.

“ஆக, பாதிக்கப்பட்டவர் தனக்கு வந்த பாதிப்பைத் தானே காசு கொடுத்து வரவழைத்திருக்கிறார். இது எங்களுக்குப் புதிய அனுபவம். கிரகரி அவர்களுக்கு நிவாரணக் கடிதம் ஒன்று, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, இரண்டும் ஒரே உறையில் வரும். அவர் கடை கிளை எண் 43 என்று பதிவாகும்.”

“சப்பாத்து சார்?” என்றாள் கேத்லீன்.

“அதற்குத்தான் வருகிறேன். ‘ஜோடி’ என்று அறிவித்து வாங்கியிருக்கிறீர்கள். கையேடு நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின்படி ஜோடி என்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இதில் ஒன்று மற்றதைவிட ஓர் அங்குலம் உயரம். சமதள அலுவலகமே சமமில்லாத ஜோடியை அனுமதித்தால் வெளியே நாங்கள் தலைகாட்ட முடியுமா? எனவே இவை இரண்டு தனிப் பொருள்கள். வலது சப்பாத்து சாதாரணமானது, ஆட்சேபம் இல்லை. இன்றே எடுத்துப் போகலாம். இடது சப்பாத்து மேல் ஆய்வுக்கு இருக்கும்.”

“அவருக்கு வலது கால் நல்லாத்தான் சார் இருக்கு! இடதுதான் வேணும்!”

“அதனால்தான் அதை இவ்வளவு கவனமாக ஆராய்கிறோம் புவான்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேத்லீன் அந்த ஒற்றைச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கோலா தெர்லா பக்கம் முட்டைக்கோஸ் லாரி ஒன்று வழியை மறித்து நின்றது. அரைமணி நேரம் அங்கேயே கிடந்தோம். பிறகு கேட்டாள்: “அக்கா, மணியம்மாக்கா அரிசிப் பானையை எதை வச்சு மூடி வச்சிருக்காங்க?”

அன்றைக்குச் சாயங்காலமே மணியம்மா கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “தாராளமா எடுத்துக்கோ பிள்ளை. எலி வந்தா நான் பார்த்துக்கறேன்.” மார்கஸ் தன் பழைய இடது சப்பாத்தைப் புத்தகத்தின் மேல் வைத்துக் கோடு போட்டான். கொழுந்து வெட்டும் யந்திரத்தின் பழைய பிளேடை வைத்து, கோட்டோடு கோடாக அறுத்தான். எண்பது பக்கப் பொருளடக்கம் குதிகாலில் போனது. கிரகரி கடையில் பசை வாங்கினோம். அதிலும் ஒரு வெள்ளி ஏற்றியிருந்தார். ஒட்டி, மேலே மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கறுப்பு நூலால் தைத்தான். வெளியே பார்த்தால் புத்தகம் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை டிரெசர் அறை வாசலில் லயமே நின்றது. தோட்டத்துத் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மார்கஸ் வலது காலில் சீனத்துச் சப்பாத்தும், இடது காலில் சமதளக் கொள்கையுமாக எழுந்து நின்றான். நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. தோள் இறங்கவில்லை. நான் உதட்டைத்தான் பார்த்தேன், கடிக்கவில்லை. இருபதாவது அடியில் திரும்பி நின்றான். டிரெசர் தாளில் கையெழுத்துப் போட்டார். கேத்லீன் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிற ஆள் இல்லை என்று சொன்னேன் இல்லையா, அன்றைக்கு மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விசயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் மட்டும், மார்கஸ் வீட்டிலேயே சப்பாத்து செய்துவிட்டான் என்று பாதிதான் சொன்னேன். அவள் திரிங்காப்பில் அந்த அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் திருமாறன் படம் எடுக்கிற ஆளோடு லயத்துக்கு வந்து இறங்கினார். கேத்லீன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் மனிதர் கோபமாக வரவில்லை. முகமெல்லாம் பல்.

“இதுதானா அந்தச் சப்பாத்து? சொந்தத் தயாரிப்பா?”

“ஆமா சார்” என்றான் மார்கஸ்.

“அடியில என்ன போட்டிருக்கீங்க? நல்ல கெட்டியா இருக்கே!”

மார்கஸ் கேத்லீனைப் பார்த்தான். “உள்ளூர்ச் சரக்குதான் சார். இங்க வேற எதுக்கும் ஆகாதுன்னு கெடந்துச்சு.”

“பிரமாதம்!” திருமாறன் படம் எடுப்பவரின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “ஒரு இறக்குமதியை நிறுத்தினோம். ஒரு உள்ளூர்த் தொழில் பிறந்தது! இதைத்தான் எங்கள் அலுவலகம் கனவு கண்டது. நாங்கள் கொடுத்திருந்தால் இவர் செய்திருப்பாரா? கொடுக்காததுதான் எங்கள் சேவை!”

“அப்ப அந்த இடது சப்பாத்தை எப்ப சார் குடுப்பீங்க?” என்றாள் கேத்லீன்.

“அது எதற்கு இனி? உள்ளூரில் கிடைக்கிற பொருளுக்கு இறக்குமதி அனுமதி கிடையாது. நேற்றே திருப்பி அனுப்பியாகிவிட்டது. அதற்கான செலவுச் சீட்டு தபாலில் வரும்.”

அந்த வாரத்திலிருந்து கேத்லீன் என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே திரைச்சீலை போட்டுவிட்டாள். அதுவும் ஆன்லைனில் வாங்கியதுதான். பதினேழு வெள்ளி அறுபது காசு.

மழைக்காலம் தொடங்கியது. கேமரன் மழையில் தேயிலைச் சரிவில் நாள் முழுக்க நடந்தால் எந்தக் கொள்கையும் தாங்காது. டியூபுக்குள் தண்ணீர் இறங்கி, மூன்றே வாரத்தில் கையேடு கஞ்சியாகிவிடும். மார்கஸ் திரிங்காப்புக்குப் போய் நிற்பான். “சார், இன்னொரு கையேடு குடுங்க.”

“போன மாசம்தானே வாங்கினீங்க? முடிச்சாச்சா?”

“முடிஞ்சிருச்சு சார். தெனமும் அதுலதான் நிக்கிறேன்.”

ஒரு வருசத்தில் பதினாறு கையேடு வாங்கினான். அந்த வட்டாரத்தில் அவனைத் தவிர வேறு யாரும் ஒன்றுகூட வாங்கவில்லை. முதலில் மணியம்மாவுக்குக் கொடுத்த ஒன்றோடு ஒப்பிட்டு, கையேட்டுக்கான மக்கள் தேவை ஆயிரத்து ஐந்நூறு விழுக்காடு உயர்ந்ததாக அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்கள். கிராணி ஹரிதாஸ் வாசித்துக் காட்டினார். அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், உள்ளூர்க் கடைகளின் வியாபாரம் என்ன ஆயிற்று என்ற கட்டத்தில், ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று இருந்தது. கிரகரியின் குடை பதினெட்டு வெள்ளிக்கு வந்திருந்தது.

ஆண்டு விழாவில் மார்கஸுக்குச் ‘சமதளத்தின் சிறந்த வாசகர்’ விருது கொடுத்தார்கள். லயமே பஸ் பிடித்துப் போனது. மேடையில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் வந்த பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். படியேறினான். வழியெல்லாம் மழை, இடது சப்பாத்து பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறக் காகிதக் கூழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. தோள் லேசாக இறங்க ஆரம்பித்திருந்தது. அடுத்த சோதனைக்கு நாலு நாள்தான் இருந்தது.

திருமாறன் பளபளப்புத் தாள் சுற்றிய பரிசை நீட்டினார். “உங்களைப் போன்ற தீவிர வாசகர்களுக்காகவே இரண்டாம் பதிப்பு கொண்டுவந்திருக்கிறோம். பழையதை இனி அச்சிட மாட்டோம். இது சுருக்கப்பட்டது, எளிமையாக்கப்பட்டது!”

மார்கஸ் தாளைப் பிரித்தான். முன்வரிசையில் கேத்லீன் எழுந்தேவிட்டாள். அவன் அட்டையைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புத்தகத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தான். அரை அங்குலம்தான்.

மைக் அவன் வாய்க்கு நேராக இருந்தது.

“சார், இது மெலிசா இருக்கு. எனக்கு ரெண்டாக் குடுங்க.”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. திருமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “எழுதிக்குங்க. தேவை ரெட்டிப்பு.”